எதை முழுங்கலாம், எதை முழுங்கக்கூடாது? (ஊர்ப்பெயர் முதல் பத்திரம் வரை)

#1 அரசலாற்றங்கரை

கும்பகோணத்திலிருந்து கிழக்கே போகிற ரயிலில் முதலில் ஆடுதுறை வரும், அப்புறம் மயிலாடுதுறை. பாதித் தூக்கத்தில் "ஆடுதுறை" என்று மட்டும் காதில் விழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆடுதுறையின் தேவாரப் பெயர் தென்குரங்காடுதுறை. ஒரு காலத்தில் அந்த ஊருக்கு முன்னாலும் ஒரு பிராணி இருந்திருக்கிறது. குரங்கை விட்டுவிட்டார்கள், மயிலை வைத்துக்கொண்டார்கள். அதையும் நேராக வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் பல காலம் மாயூரம், மாயவரம் என்றே வழங்கி, 1982-இல்தான் அரசாங்கக் கணக்கில் மயிலாடுதுறை திரும்பி வந்தது. ரயில்வே குறியீட்டில் இன்றைக்கும் எம்வி தான். ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் மாயவரம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உறவுக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். "தஞ்சாவூர் ஜில்லாக்காரன் பேச்சில் பாதியை முழுங்கிவிடுகிறான், எல்லாம் சோம்பல்" என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் விடுகிறோம். தெரியாதவனிடம் பேசும்போது அதே ஆள் நிறுத்தி, முழுசாகச் சொல்வான். ஆக, இது சோம்பல் இல்லை, ஆள் பார்த்துப் பேசுவது.

உங்கள் பக்கம் எதை விடுகிறீர்கள், எங்கே அது வம்பில் முடிகிறது என்று எழுதுங்கள். ஊர்ப்பெயரோடு நிற்க வேண்டாம். பேச்சு, எழுத்து, கணக்கு எதுவானாலும் சரி.

#2 டிக்கெட்_ரைட்

அண்ணே, இது எங்க வீட்டுச் சமாச்சாரம். அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்து நிலையத்தில் கத்தும்போது பெயரின் எந்தத் துண்டு சத்தத்தைத் தாண்டிப் போகுமோ அதை வைத்துக்கொள்வார், மற்றது போகும். கும்பகோணம் "கும்மோணம்", மாயவரம் "மாயரம்". இதில் யாரும் தவறி ஏறியது இல்லை.

"திரு" எப்போதும் போகும். நம்ம பக்கம் திருவாரூர், திருவையாறு, திருப்பனந்தாள், திருவிடைமருதூர், திருநள்ளாறு என்று எதைத் தொட்டாலும் திருதான். எல்லாவற்றிலும் இருப்பதைச் சொல்லி என்ன அடையாளம் கிடைக்கப்போகிறது? ஆனால் அப்பா ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வார்: தலையை விடு, இடுப்பை விடாதே. திருத்துறைப்பூண்டியில் "திரு" போனால் துறைப்பூண்டி, எல்லாருக்கும் புரியும். நடுவில் இருக்கிற "துறை" போனால் திருப்பூண்டி. அது வேறு ஊர், வேளாங்கண்ணி தாண்டி வேதாரண்யம் போகிற சாலையில் இருக்கிறது. இரண்டையும் விட்டால் வெறும் பூண்டி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மாதா கோயில் பூண்டியா, தஞ்சாவூர்ப் பக்கம் காலேஜ் பூண்டியா என்று அப்புறம் நடுரோட்டில் நின்று யோசிக்க வேண்டியதுதான்.

#3 மேலவீதி

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசலாற்றங்கரை தம்பி சொல்வதற்கு நன்னூலே துணை. மரூஉ என்பதை, அதாவது சொல் வழக்கில் சிதைந்து வருவதை, அது பிழையோடு சேர்க்கவில்லை. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ மூன்றையும் இயல்பு வழக்கு என்கிறது. பாடத்தில் எல்லாரும் படித்த உதாரணம் அருமருந்தன்ன என்பது அருமந்த ஆனது, சோழநாடு சோணாடு ஆனது. இரண்டாவது நம்ம நாடேதான். நன்செய் நஞ்சை ஆனதும் இதே வழியில்தான். நஞ்சை என்று பட்டாவில் பார்த்து யாராவது பதறுகிறோமா?

செய்யுளுக்கு இன்னும் தாராளம். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று தலையிலும் நடுவிலும் வாலிலும் வெட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். தாமரை மரை ஆகலாம், ஓந்தி ஓதி ஆகலாம், நீலம் நீல் ஆகலாம். கண்டக்டர் ஐயா தலையை வெட்டலாம், இடுப்பை வெட்டாதே என்கிறார். புலவர்களைவிட அவர் கறார்.

பேச்சில் நான் பல வருஷம் வகுப்பில் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். "வந்தான்" என்று நாம் யாரும் பேசும்போது சொல்வதில்லை. கடைசி ன் நாக்கில் வராது. ஆனால் அது முழுசாகவும் போகவில்லை, மூக்குக்கு ஏறிவிடுகிறது. "வந்தாள்" என்பதில் ள் சுத்தமாகப் போய்விடுகிறது, மூக்கிலும் இல்லை. ஆக, வந்தது ஆணா பெண்ணா என்பது மூக்கு ஒலித்ததா இல்லையா என்பதில்தான் நிற்கிறது. நேரில் பேசும்போது தவறவே தவறாது. சிக்னல் சரியில்லாத போனில் "யாரு? அவனா, அவளா?" என்று கேட்கிறோமே, அது இதனால்தான்.

பிள்ளைகள் எழுதும்போது இரண்டுக்கும் "வந்தா" என்று எழுதிவிட்டு வருவார்கள். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மூக்குக்கு எழுத்து இல்லையே.

#4 சும்மா_ஒருத்தன்

இலக்கணமே இடம் கொடுக்கிறது என்றால் பரீட்சையில் கும்மோணம் என்று எழுதலாமா டீச்சர்? குடந்தை என்று எழுதினால் மார்க், கும்மோணம் என்று எழுதினால் சிவப்புக் கோடு. இரண்டும் சுருக்கம்தானே?

#5 மேலவீதி

குடந்தை கும்பகோணத்தின் சுருக்கம் இல்லை தம்பி. தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு, ஆழ்வார் பாடலில் குடந்தை. கும்பம் என்றாலும் குடம்தான். அந்தக் குடத்தின் வழியில் வந்தது அது. தஞ்சாவூர் தஞ்சை ஆனது, நாகப்பட்டினம் நாகை ஆனது, புதுக்கோட்டை புதுகை ஆனது, இவைதான் நீங்கள் சொல்கிற சுருக்கம்.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கிற குத்தல் நியாயம். புதுகைக்கு மார்க், கும்மோணத்துக்குக் கோடு என்பது இலக்கணக் கணக்கு இல்லை, மரியாதைக் கணக்கு. மேடையில் வந்த சுருக்கத்துக்கு மாலை, பஸ்ஸில் வந்த சுருக்கத்துக்குச் சிவப்பு மை.

#6 தாளடி

நீடாமங்கலம் பக்கம். விவசாயம். நீங்க எல்லாம் எழுத்தை விடுவதைப் பேசுறீங்க, எங்களுக்கு எழுத்து போனால் கவலையில்லை, விவரம் போனால்தான் வயிற்றில் அடி.

முதலில் நெல் மூட்டை. நிலத்தை இங்கே மா என்ற அளவில்தான் சொல்வோம். "இந்த வருஷம் மாவுக்கு எத்தனை?" என்று டீக்கடையில் கேட்டால் "பத்து" என்று பதில் வரும். கேட்டவர் எத்தனை மூட்டை என்று சொல்லவில்லை, சொன்னவர் எந்த மூட்டை என்று சொல்லவில்லை. ஊருக்குள் மூட்டை என்றால் 60 கிலோ. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. மூணு மா ஒரு ஏக்கர் என்று வைத்தால், ஏக்கருக்கு முப்பது மூட்டை என்பது ஒரு கணக்கில் 1800 கிலோ, இன்னொன்றில் 1200. டீக்கடையில் இது ஒரு பிரச்சனையே இல்லை, எல்லாரும் ஊர் மூட்டையைத்தான் சொல்றாங்க என்று எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வருகிற பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனால்தான் வினை.

அடுத்தது விதை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகத்தை நாங்கள் நம்பரை மட்டும் சொல்லித்தான் வாங்குவோம். முப்பத்தாறு, நாப்பத்தி மூணு, நாப்பத்தஞ்சு. கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் ஆடுதுறை என்று சொல்லத் தேவையில்லை. பிபிடி என்றால் ஆந்திராவில் பாபட்லா, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் முப்பத்தாறுக்கும் முப்பத்தொம்பதுக்கும் வயசு வேற. முப்பத்தாறு 110 நாளில் குறுவைக்கு வந்துவிடும். முப்பத்தொம்பது அதைவிடப் பத்துப் பதினஞ்சு நாள் கூட, குறுவை அறுத்தபின் போடுகிற தாளடிக்கு உள்ளது. கடைப் பையன் காதில் "முப்பத்தி" மட்டும் விழுந்து மீதியை அவனே நிரப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிச்சுக்கோங்க.

இன்னொன்று ஆயிரத்தொம்பது. முழுப் பெயர் சிஆர் 1009. கட்டாக்கில் பிறந்த ரகம், நம்ம பக்கம் பொன்மணி என்றும் பெயர். அஞ்சு மாசத்துக்கு மேல் நிற்கிற சம்பா. அதிலேயே வெள்ளம் தாங்குவதற்கென்று கொண்டுவந்தது சிஆர் 1009 சப் 1. தண்ணீருக்குள் ரெண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் தூர் அழுகாமல் மறுபடி துளிர்க்கும். பேச்சில் எல்லாரும் இரண்டையும் ஆயிரத்தொம்பது என்றே சொல்றாங்க. டீச்சர் சொன்ன கடைக்குறை! எங்க ஊரில் ஒருத்தர் பள்ளக்கால் வயலுக்கு "ஆயிரத்தொம்பது கொடு" என்று கேட்டு வாங்கிப் போட்டார். கேட்டதைத்தான் கொடுத்தார்கள், கடையைக் குறை சொல்ல முடியாது. நவம்பர் மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பத்து நாள் தண்ணீர் நின்றது. அடுத்த வரப்புக்காரர் பயிர் எழுந்தது, இவர் பயிர் எழவில்லை. வால் துண்டு "சப் ஒன்று", அவ்வளவுதான் வித்தியாசம்.

#7 டிக்கெட்_ரைட்

தாளடி அண்ணே, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ இடுப்பை மட்டுமில்லை, வாலையும் விடக்கூடாது"ன்னு சொல்லச் சொன்னார்.

#8 கொங்குமருமகள்

எனக்குப் பிறந்த வீடு கோபிசெட்டிபாளையம், வாழ்க்கைப்பட்டது திருவாரூர் பக்கம். வந்த புதிதில் மாமியார் விடிகாலையில் "கொல்லைக்குப் போயிட்டு வரேன், பாலைப் பார்த்துக்கோ" என்பார். எங்க ஊரில் தோட்டம், காடு என்போம். சரி, ஏதோ நிலத்துக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "நானும் வரட்டுங்களா அத்தை, களை பறிக்கலாம்" என்றேன். வீடே சிரித்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லையில்தானே கழிப்பறை. எதற்குப் போகிறோம் என்பதை விட்டுவிட்டு, எங்கே என்பதை மட்டும் சொல்கிறார்கள்.

விளக்கை அணை என்று சொன்னாலும் திட்டு விழும். அமர்த்து என்று சொல்ல வேண்டும். போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்பதில் போவதையே எடுத்துவிட்டார்கள். இது எங்க ஊரிலும் உண்டு, ஆனால் இங்கே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

#9 மேலவீதி

வாங்கம்மா. சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்றும், அமங்கலத்தை மாற்றிச் சொல்வதற்கு மங்கலம் என்றும் பெயர் இருக்கிறது. உங்கள் மாமியார் சொன்னது முதலாவது, விளக்கு இரண்டாவது. களை பறிக்கக் கூப்பிட்டது இரண்டிலும் சேராது.

#10 ஓலைப்பூச்சி

தஞ்சாவூரில் சுவடி படிக்கிற மாணவன். எழுத்தில் விடுவதைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓலையில் புள்ளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது, எழுதுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் விட்டார்கள் என்று சொல்வது வழக்கம். பெரிய கோயில் கல்வெட்டிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை, கல் கிழியாது, ஆகவே ஓலைக் காரணம் மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எகர ஒகரத்துக்கும் அப்படியே. தொல்காப்பியக் கணக்கில் குறிலுக்குத்தான் மேலே புள்ளி. புள்ளியையே விட்டபின் எ-வும் ஏ-வும் ஒன்று, ஒ-வும் ஓ-வும் ஒன்று. எரியும் ஏரியும் ஒரே எழுத்துக்கோலம். இதற்கு மேல் துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது "கொடு" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொம்பு, க, ஒரு கால், டு. இதை கொடு என்று படிக்கலாம், கோடு என்று படிக்கலாம், காலை ர என்று எடுத்துக்கொண்டால் கெரடு என்றும் படிக்கலாம். கெரடு என்று ஒரு சொல் இல்லை, அதனால் அது தானே விழுந்துவிடும். கொடுவா கோடுவா என்பதற்கு ஓசையைப் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. படிக்கிறவர் அந்தப் பாட்டை ஏற்கெனவே பாதி மனப்பாடமாக வைத்திருப்பார், ஓலை அவருக்கு ஞாபகப்படுத்த மட்டும். அப்படிப்பட்டவருக்கு இத்தனை போதும்.

நம்ம உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அவர் பட்ட பாட்டில் பெரும்பங்கு இப்படி விட்டுப்போன புள்ளிக்கும் காலுக்கும்தான். ஒரு பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், ஓலை மட்டும் இருக்கிறது. அப்போது விட்டதெல்லாம் கடன் மாதிரி அவர் தலையில் வந்து விழுந்தது.

ஏ, ஓ இரண்டையும் இன்று நாம் எழுதுகிற மாதிரி பிரித்துக் கொடுத்தது வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டில். அவர் இருந்த ஏலாக்குறிச்சி கொள்ளிடத்துக்கு அந்தக் கரை, திருவையாற்றிலிருந்து எட்டிவிடுகிற தூரம்தான். அவர் வெளியூர்க்காரர், இத்தாலிக்காரர். உள்ளூர்க்காரருக்கு உறுத்தாதது அவருக்கு உறுத்தியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்புறம் அச்சு வந்து, படிக்கிறவர் யார் என்றே தெரியாத நிலை வந்தபோது எல்லாப் புள்ளியும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

#11 அரசலாற்றங்கரை

அருமை தம்பி. நான் சொல்ல வந்ததைக் கல்லிலும் ஓலையிலும் காட்டிவிட்டீர்கள். உ.வே.சா. என்பதே எத்தனை பெரிய சுருக்கம் பாருங்கள். உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், சாமிநாதையர் என்று ஊரும் தகப்பனாரும் மகனும் சேர்ந்து ஆளுக்கு ஓர் எழுத்து. தமிழ் படித்தவன் எவனுக்கும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

#12 முத்திரைத்தாள்

பத்திரம் எழுதுகிறவன், பாபநாசம் பக்கம் (நம்ம பாபநாசம், திருநெல்வேலிப் பக்கத்து பாபநாசம் இல்லை). இழை முழுக்கப் படித்தேன். அரசலாற்றங்கரை அண்ணனோடு ஓர் இடத்தில் மோத வேண்டியிருக்கிறது. கேட்பவனுக்குத் தெரிந்ததைத்தான் விடுகிறோம் என்கிறீர்கள். அது பாதி. தெரியவே கூடாது என்று விடுவதும் இருக்கிறது. எங்கள் தொழிலில் இரண்டும் ஒரே தாளில் கிடக்கும்.

பழைய பத்திரத்தில் நான்கெல்லை இப்படி வரும்: வாய்க்காலுக்கு வடக்கு, கோயில் நிலத்துக்குத் தெற்கு, மேற்படியார் நஞ்சைக்குக் கிழக்கு. மேற்படி என்று முழுசாகக்கூட எழுதியிருக்க மாட்டார்கள், ௸ என்று ஒரு சுழி. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்குக் கை ஓடுகிற வேகத்துக்கு அது வேண்டும். ஆனால் மேலே மூன்று பேர் பெயர் இருக்கிறது, இதில் எந்த மேற்படியார்? எழுதினவருக்குத் தெரியும், சாட்சி போட்டவருக்குத் தெரியும். அவர்கள் பேரன்கள் இப்போது வரப்பில் நின்று அடித்துக்கொள்கிறார்கள். இது அண்ணன் சொன்ன வகை, இதில் கள்ளம் இல்லை.

அடுத்தது "வகையறா". பட்டாவில் மூத்தவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் வகையறா என்று ஒரு சொல். அண்ணன் தம்பி நாலு பேர் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல மனுஷர் மூத்தவராக இருந்தவரை சரி. அவர் காலம் ஆனபின், 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யூடிஆர் சமயத்தில் வகையறா என்பதும் காணாமல் போய் வெறும் மூத்தவர் பெயர் மட்டும் ஏறிய பட்டாக்களைப் பார்த்திருக்கிறேன். யார் விட்டார்கள், தெரிந்து விட்டார்களா தெரியாமல் விட்டார்களா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்பேன். "மூணு பேர்" என்பார்கள். வாரிசு விவரம் எழுதும்போது மறுபடி கேட்டால் மூன்று ஆண் பிள்ளை. "பெண் பிள்ளை?" என்றால், "ரெண்டு இருக்கு, கட்டிக்கொடுத்தாச்சு." கட்டிக்கொடுத்தாச்சு என்பதால் எண்ணிக்கையிலேயே வரவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தாச்சு, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. இன்னும் எண்ணும்போது வாயில் வர மாட்டேன் என்கிறது. இதில் ஒலி எதுவும் குறையவில்லை, டீச்சர். ஆளே குறைகிறது.

#13 கொங்குமருமகள்

கல்யாணப் பத்திரிகையிலும் பாருங்கள். மாப்பிள்ளை பெயர், மாப்பிள்ளைக்கு அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் ஊர் வரை இருக்கும். அம்மா பெயர் பல பத்திரிகையில் இருக்காது. அது இடத்தைச் சுருக்க விட்டதா ஐயா?

#14 அரசலாற்றங்கரை

முத்திரைத்தாள் ஐயா சொன்னதில் மூன்றாவதை நானும் ஆள் பார்த்துப் பேசுவதில் சேர்க்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: "மூணு பேர்" என்று சொல்கிறவர் ஒளிக்கிறோம் என்று நினைத்துச் சொல்கிறாரா?

#15 முத்திரைத்தாள்

பெரும்பாலும் இல்லை. அதுதான் எனக்குச் சிரமம். ஒளிக்கிறவரிடம் கேள்வி கேட்டுப் பிடித்துவிடலாம். தோன்றவே தோன்றாதவரிடம் நான்தான் ஞாபகமாகக் கேட்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதில்லை. "ஆண் எத்தனை, பெண் எத்தனை, இறந்துபோனவர் யாராவது உண்டா" என்று தனித்தனியாகக் கேட்டு, எழுதினதைத் திரும்பப் படித்துக்காட்டிவிட்டுத்தான் அடுத்த வரி.

#16 தாளடி

ஐயா, எங்க பட்டாவும் தாத்தா பெயர் போட்டு வகையறாதான். அந்த வகையறாவில் யார் யார் என்று இப்போது தெரிந்துகொள்ள வழி இருக்கா? சின்னத் தாத்தா வீட்டார் மன்னார்குடிப் பக்கம் போய் ரொம்ப நாளாச்சு. அத்தைகள் ரெண்டு பேர்.

#17 முத்திரைத்தாள்

இருக்கிறது தம்பி. பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். விஏஓவிடம் பழைய சர்வே நம்பரைக் கேட்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள், சிட்டாவையும் சேர்த்து. தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று கண்டுபிடியுங்கள், கிரயமா பாகப்பிரிவினையா என்று. பாகப்பிரிவினை என்றால் பத்திரத்தில் எல்லார் பெயரும் இருக்கும், சக்குபந்தியும் (நான்கெல்லை விவரம்) இருக்கும். பத்திரம் வீட்டில் இல்லை என்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்கள் அதில் வரும். ரொம்பப் பழைய வருஷத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு தாளில் தாத்தா, சின்னத் தாத்தா, அவர்கள் பிள்ளைகள் என்று வம்சாவளி எழுதிக்கொள்ளுங்கள். அத்தைகள் ரெண்டு பேர் பெயரையும் முழுசாக, அவர்கள் பிள்ளைகள் பெயரோடு. சுருக்க வேண்டாம்.

#18 தாளடி

சரிங்க ஐயா. சின்ன அத்தைக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் என்ன பெயர் என்று இன்றைக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்.